சர்வருக்கு எழுதிக் கொடுத்த பவர்

திருத்தணி பக்கம் நிலம் வாங்கி விற்றவர்களிடம் போய் 'பவர்' என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். கரண்ட்டைப் பற்றிப் பேசுவதாக யாரும் நினைக்க மாட்டார்கள். பவர் ஆஃப் அட்டர்னி! மகன் துபாயில் இருப்பான், நிலம் மணவூரில் இருக்கும், பத்திர ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட லீவு கிடைக்காது. மச்சானுக்கு ஒரு பவர் எழுதிக் கொடுத்துவிடுவான். 'இன்ன சர்வே நம்பரில் உள்ள இந்த முப்பது சென்ட்டை விற்க மட்டும்' என்று எழுதினால் அது ஸ்பெஷல் பவர். 'எனக்குச் சொந்தமான எல்லாச் சொத்தையும் விற்க, அடமானம் வைக்க, பணம் வாங்கி ரசீது கொடுக்க' என்று எழுதினால் அது ஜெனரல் பவர். முதலாவதை எழுத சர்வே நம்பரைத் தேட வேண்டும், எல்லை பார்க்க வேண்டும், ஒரு நாள் அலைய வேண்டும். இரண்டாவதற்கு டாக்குமென்ட் ரைட்டரிடம் மாதிரி ரெடியாகவே இருக்கும். அதனால்தான் பலர் இரண்டாவதை எழுதுகிறார்கள். அதனால்தான் மச்சான்கள் கோர்ட் வாசலில் நிற்கிறார்கள்.

(நல்ல மச்சான்கள் மன்னிக்கவும் :-) )

இதே பத்திரம் கம்ப்யூட்டர் உலகத்திலும் தினமும் எழுதப்படுகிறது. ஸ்டாம்ப் பேப்பர் கிடையாது, சாட்சிக் கையெழுத்து கிடையாது. ராத்திரி பதினொன்றரை மணிக்கு, கொட்டாவி விட்டுக்கொண்டே யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்துவிடுகிறார். வாங்கிக்கொள்கிற ஆசாமிக்குப் பெயர் சர்வீஸ் அக்கவுண்ட்.

அது என்ன என்று கேட்பவர்களுக்கு: ரிசல்ட் பார்க்கிற தளம், டிக்கெட் புக் பண்ணுகிற தளம் என்று எந்த வெப் அப்ளிகேஷனாக இருந்தாலும் சர்வரில் ஏதாவது ஒரு யூசர் பெயரில்தான் ஓட முடியும். மனிதர்கள் யாரும் அந்தப் பெயரில் லாகின் செய்து உட்கார மாட்டார்கள். புரோகிராமுக்காகவே திறக்கப்பட்ட கணக்கு. டெபியன், உபுண்டு லினக்ஸில் அபாச்சி ஓடினால் அதன் பெயர் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா'. விண்டோஸில் 'நெட்வொர்க் சர்வீஸ்' என்று ஒன்று உண்டு. அந்தக் கணக்குக்கு எந்த ஃபோல்டரைப் படிக்கலாம், எதில் எழுதலாம், டேட்டாபேசில் எந்த டேபிளைத் தொடலாம் என்று ஒருவர் உட்கார்ந்து சொல்லித் தர வேண்டும். இதுதான் பர்மிஷன் கொடுப்பது.

எப்படிக் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் சிரிப்பு வரும். தளம் நாளைக் காலை திறப்பு விழா. மாணவர் போட்டோவை அப்லோட் செய்தால் 'பர்மிஷன் டினைட்' என்கிறது. அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு பக்கத்து சீட்டுக்காரர், "777 போட்டுப் பாருப்பா" என்பார். லினக்ஸில் படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினால் 7. முதல் 7 சொந்தக்காரருக்கு, இரண்டாவது 7 அவருடைய குழுவுக்கு, மூன்றாவது 7 அந்த மெஷினில் கணக்கு வைத்திருக்கும் மற்ற எல்லோருக்கும். போட்டதும் போட்டோ ஏறிவிடும். "வொர்க் ஆகுதுப்பா!" எல்லோரும் டீ குடிக்கப் போவார்கள். விழா முடிந்தபின் அந்த 777-ஐ யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வேலை செய்கிற ஒன்றைத் தொடுவானேன்?

இதில் ஒரு காமர்ஸ் விஷயம் இருக்கிறது. பர்மிஷன் குறைவாகக் கொடுத்தால் வருகிற நஷ்டம் உடனே தெரியும், மேனேஜர் கத்துவார். அதிகமாகக் கொடுத்தால் வருகிற நஷ்டம் மூன்று வருஷம் கழித்து வரும். அதுவும் கொடுத்தவருக்கு வராது, வேறு யாருக்கோ வரும். செலவு தன் கணக்கில் ஏறாதபோது மனிதர்கள் தாராளமாக இருப்பார்கள் என்பதற்கு எகனாமிக்ஸ் புத்தகம் தேவையில்லை.

இப்படிச் செய்யக் கூடாது என்று யாருக்கும் தெரியாதா? நன்றாகத் தெரியும். எம்.ஐ.டி.யில் இருந்த ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இருவர் 1975-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு புரோகிராமும் தன் வேலைக்கு எவ்வளவு குறைந்த அதிகாரம் போதுமோ அவ்வளவோடுதான் ஓட வேண்டும் என்பது சாரம். அதன்பின் கால் நூற்றாண்டு கழித்து, 2001 ஜூலையில் 'கோட் ரெட்' என்ற புழு மைக்ரோசாஃப்டின் ஐ.ஐ.எஸ். வெப் சர்வரில் இருந்த ஓட்டை வழியாக நுழைந்தது. ஜூலை 19 அன்று 14 மணி நேரத்துக்குள் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களைப் பிடித்தது. நுழைந்ததும் அதற்கு மெஷினின் முழு அதிகாரமும் கிடைத்தது. ஓட்டை இருந்த பகுதி 'சிஸ்டம்' என்கிற சர்வ வல்லமை படைத்த கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது அல்லவா, அதுதான் காரணம். பட்ட பிறகு விண்டோஸ் சர்வர் 2003-ல், மேலே சொன்ன 'நெட்வொர்க் சர்வீஸ்' என்கிற சாதாரணக் கணக்கில் வெப் அப்ளிகேஷனை ஓட விட்டார்கள். ஓட்டை எப்போதும் இருக்கும். நுழைந்தவன் கைக்கு எது எட்டும் என்பதுதான் அந்த பர்மிஷனில் இருக்கிறது.

மறுபடி பத்திரத்துக்கு வருவோம். பி.காம். படித்தவர்களுக்கு 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் மறந்திருக்காது (மறந்திருந்தால் அரியர் இருக்கும்). அதில் 188-ஆம் பிரிவு, ஒரு வேலையைச் செய்ய அதிகாரம் பெற்ற ஏஜென்ட்டுக்கு அந்த வேலைக்குத் தேவையான, சட்டத்துக்கு உட்பட்ட எல்லாவற்றையும் செய்ய அதிகாரம் உண்டு என்கிறது. 'தேவையான' என்ற அந்த ஒரு வார்த்தையை அளக்க ஒரு ஜட்ஜ் இருக்கிறார். மச்சான் முப்பது சென்ட்டை விற்கச் சொன்னால் மூன்று ஏக்கரை விற்றது தேவையா என்று அவர் கேட்பார். சர்வரில் அப்படிக் கேட்க ஆள் இல்லை. கொடுத்தது எதுவோ அதுவே எல்லை. எதற்காகக் கொடுத்தீர்கள் என்பது மெஷினுக்குத் தெரியாது.

இது பெரிய பெரிய கம்பெனிகளின் தலைவலி, மணவூருக்கு இதில் என்ன என்று தோன்றலாம். 2021-ஐ நினைத்துப் பாருங்கள்.

அந்த வருஷம் ஜனவரி 16 அன்று கொரோனா தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. கூடவே கோவின் தளமும் வந்தது. ஏப்ரல் கடைசியில் 18 வயது தாண்டிய எல்லோரும் பதிவு செய்யலாம் என்றதும் தளம் திணறியது. (ஜூனில் பல இந்திய மொழிகளில் தளத்தை வெளியிட்டார்கள். முதலில் தமிழ் இல்லை. இங்கிருந்து சத்தம் போட்ட பிறகுதான் சேர்த்தார்கள்.) அரக்கோணம் லோக்கலில் திருவள்ளூருக்கும் ஆவடிக்கும் படிக்கப் போகும் பிள்ளைகள் எல்லாம் வீட்டில் முடங்கி ஆன்லைன் கிளாஸ் பார்த்துக்கொண்டிருந்த காலம். தெருவில் ஸ்மார்ட் ஃபோனும் இங்கிலீஷும் தெரிந்த ஆள் யார்? பிளஸ் டூ படிக்கிற பையன்தான். ஒரு மொபைல் நம்பரில் நான்கு பேரைப் பதியலாம் என்றிருந்தது. 2022 ஜனவரியில் அதை ஆறு பேர் ஆக்கினார்கள். அப்படி அவன் நம்பரில் அவனுடைய ஆயா, அம்மா, பட்டன் ஃபோன் மட்டுமே வைத்திருந்த எதிர் வீட்டு அவ்வா, அவ்வாவின் மருமகள் என்று ஒரு தெருவே ஏறியது. ஆதார் கார்டை எடுத்துக்கொண்டு வந்து நீட்டுவார்கள். "பாத்து அடிப்பா, தப்பாயிடப் போவுது" என்பார்கள். ஓ.டி.பி. வந்தால் 180 விநாடிக்குள் போட வேண்டும். நெட் சுற்றிக்கொண்டே இருக்கும். மறுபடி ஓ.டி.பி.

தெருவுக்குத் தெரியாமலேயே அந்தப் பையன் ஏஜென்ட் ஆகிவிட்டான். நம்பிக்கை மட்டும்தான் அங்கே பத்திரம்.

2023 ஜூன் 12. டெலிகிராமில் ஒரு பாட் உலவுவதாகச் செய்தி வந்தது. மொபைல் நம்பரைப் போட்டால் அதில் தடுப்பூசிக்குப் பதிவு செய்தவர்களின் பெயர், கொடுத்த அடையாள அட்டையின் எண், ஊசி போட்ட இடம் எல்லாம் கொட்டியது. ஒரு நம்பரில் எத்தனை பேர் இருந்தார்களோ அத்தனை பேரும் வந்தார்கள். அரசியல்வாதிகள் பலரின் விவரமும் வந்ததால் விஷயம் பெரிதானது. மணவூர் மாதிரி ஊர்களில் எதிர் வீட்டு அவ்வா வந்து, "நம்ம நம்பர்லாம் வெளிய போயிடுச்சாமேப்பா?" என்று கேட்டால் அந்தப் பையன் என்ன சொல்வான்? பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். அவ்வா பிறந்த வருஷத்தை எப்படி மாற்றுவது?

சுகாதார அமைச்சகம் அன்றே மறுத்தது. கோவின் பத்திரமாக இருக்கிறது, ஓ.டி.பி. இல்லாமல் யாருடைய விவரத்தையும் எடுக்க முடியாது என்றது. அந்த பாட் கோவின் டேட்டாபேசை நேரடியாகத் தொடவில்லை என்று செர்ட்-இன் தன் முதல் அறிக்கையில் சொன்னதாகவும் தெரிவித்தது. பழைய திருட்டில் சேர்ந்த தகவலாக இருக்கலாம் என்றார் அப்போதைய இணையமைச்சர் ராஜீவ் சந்திரசேகர். பிறகு பீகாரில் ஒருவர் கைதானார். தகவல் எந்த வழியாகப் போயிருந்தாலும் இங்கே பேச வேண்டிய விஷயம் அமைச்சகத்தின் அந்த மறுப்பு அறிக்கைக்குள் ஒரு மூலையில் இருக்கிறது.

ஐ.சி.எம்.ஆர். போன்ற மூன்றாம் தரப்பினருக்குச் சில ஏ.பி.ஐ.கள் கொடுக்கப்பட்டுள்ளன, அவற்றில் ஒன்று வெறும் மொபைல் நம்பரை வைத்தே தகவல் தரும் வசதி கொண்டது என்று சொல்லப்படுகிறது, ஆனாலும் கோவின் அனுமதித்த, நம்பகமான இடத்திலிருந்து வரும் கேள்விகளுக்கு மட்டும்தான் அது பதில் தரும். இந்தப் பொருளில் எழுதியிருந்தார்கள்.

இரண்டு முறை படித்துப் பாருங்கள். ஏ.பி.ஐ. என்றால் மனிதர் இல்லாமல் ஒரு மெஷின் இன்னொரு மெஷினிடம் கேட்டு வாங்கும் ஜன்னல். அந்த ஜன்னலில் வந்து நிற்பது சர்வீஸ் அக்கவுண்ட்தான். ஆயா தன்னுடைய சொந்த சர்டிபிகேட்டைப் பார்க்க 180 விநாடிக்குள் ஓ.டி.பி. போட வேண்டும். அறிக்கை சொல்லும் அந்த ஒரு ஜன்னலில் மெஷினுக்கு நம்பர் மட்டும் போதும், ஏனென்றால் அது நம்பகமான மெஷின்! மனிதரிடம் காட்டும் கண்டிப்பு மெஷினிடம் இல்லை. யார் கேட்கிறார்கள் என்று பார்த்தார்கள். எவ்வளவு கேட்கலாம் என்று பார்த்தார்களா?

தெரியாமல் செய்ததாகவும் சொல்ல முடியாது. இதே கோவின் 2021 செப்டம்பரில் வேறொரு ஏ.பி.ஐ. வெளியிட்டது. கே.ஒய்.சி.-வி.எஸ். என்று பெயர். ரயில்வே, விமானம், ஓட்டல், ஆபீஸ் என்று யாராவது ஒருவர் ஊசி போட்டாரா என்று தெரிந்துகொள்ள விரும்பினால், அவருடைய பெயரையும் மொபைல் நம்பரையும் தர வேண்டும். அவருக்கு ஓ.டி.பி. போகும், அவர் சம்மதித்துக் கொடுத்தால் பதில் வரும். பதில் என்ன தெரியுமா? ஒரே ஓர் எண். போடவில்லை என்றால் 0, ஒரு டோஸ் என்றால் 1, முழுதும் போட்டாயிற்று என்றால் 2. அவ்வளவுதான். ஆதார் எண் கிடையாது, ஊசி போட்ட இடம் கிடையாது. ஓட்டல்காரருக்குத் தேவையானது அந்த ஒற்றை எண் மட்டுமே என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். பெயர் தெரியாத அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு. இதுதான் ஸ்பெஷல் பவர். ஒரே ஆபீஸ், இரண்டு விதமான பத்திரம்.

'நம்பகமான' என்ற வார்த்தை இந்தத் துறையில் கொஞ்சம் ஆபத்தானது. திருத்தணி மலைக்கோயிலில் உண்டியல் திறந்து எண்ணும் நாளில் போய்ப் பார்த்தால் புரியும். அறநிலையத்துறை அதிகாரிகள் இருப்பார்கள், கோயில் ஊழியர்கள் இருப்பார்கள், வரிசையாக உட்கார்ந்து எண்ணுவார்கள், கேமரா ஓடிக்கொண்டிருக்கும். அதற்காக அங்கே உட்கார்ந்திருப்பவர் திருடர் என்று அர்த்தமா? யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நல்லவர் என்பதால் ஒருவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போவதில்லை, அவ்வளவுதான். பேங்கில் ஒருவர் என்ட்ரி போட்டால் இன்னொருவர் பாஸ் பண்ண வேண்டும் என்பதும் இதே கதைதான்.

அமெரிக்காவில் கேபிடல் ஒன் என்ற பேங்குக்கு 2019-ல் நடந்ததில் இன்னும் வேடிக்கை. அங்கே அதிக அதிகாரம் வைத்திருந்தது காவல்காரன்! வெப் அப்ளிகேஷனுக்கு முன்னால் நின்று கெட்ட கேள்விகளை வடிகட்டும் ஃபயர்வால் ஒன்றை அமேசான் கிளவுடில் வைத்திருந்தார்கள். அதற்கென்று ஒரு சர்வீஸ் ரோல் உண்டு. வாசலில் நிற்பவனுக்கு பீரோவைத் திறக்கும் உரிமை எதற்கு? ஆனால் அந்த ரோலுக்கு ஸ்டோரேஜில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுக்கவும், அவற்றைப் படிக்கவும் பர்மிஷன் இருந்தது. முன்பு அமேசானில் வேலை பார்த்த ஓர் இன்ஜினியர் அந்த ஃபயர்வாலை ஏமாற்றி, ரோலின் தற்காலிகச் சாவியை அதன் வாயாலேயே வாங்கினார். 700-க்கும் மேற்பட்ட ஃபோல்டர்களின் பட்டியல் கைக்கு வந்தது. கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்தவர்களின் தகவல், 2005-லிருந்து சேர்த்து வைத்தது. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் 60 லட்சம் பேர். தகவல் பூட்டு மொழியில்தான் இருந்தது. உள்ளே வந்த விதத்தால் அந்தப் பூட்டும் திறந்துகொண்டது என்று பேங்கே ஒப்புக்கொண்டது.

நுழைந்தது மார்ச்சில். பேங்குக்குத் தெரிந்தது ஜூலையில், அதுவும் வெளியாள் ஒருவர் மெயில் போட்டுச் சொன்ன பிறகு. நான்கு மாதம் எந்த மணியும் அடிக்கவில்லை. செல்லுபடியாகும் சாவியோடு வந்து திறந்தால் மணி ஏன் அடிக்கும்? 2020 ஆகஸ்டில் அரசு போட்ட அபராதம் 8 கோடி டாலர். வாடிக்கையாளர்கள் போட்ட வழக்கைத் தீர்க்க 19 கோடி டாலர். அந்த ரோலுக்கு பர்மிஷன் எழுதியவர் அன்று மிச்சப்படுத்தியது ஒருவேளை ஒரு மதிய நேரமாக இருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவிலும் 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யாவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று எழுதியிருக்கிறது. நியாயமானது எது என்று யாராவது ஒருநாள் கேட்கும்போது பர்மிஷன் பட்டியல்களையும் புரட்ட வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒன்று. ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி பவர் எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பொதுவாகப் பவரும் செத்துப்போகும். ஏஜென்ட் இறந்தாலும் அப்படித்தான். வேலை முடிந்தாலும் முடிந்தது. சர்வீஸ் அக்கவுண்ட்டுக்குச் சாவே கிடையாது. எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். அப்ளிகேஷனையே தூக்கியிருப்பார்கள். கணக்கு மட்டும் பழைய பர்மிஷனோடு அப்படியே இருக்கும். அதற்கு ரிட்டையர்மென்ட் இல்லை, லீவு இல்லை. ஏன் பாஸ்வேர்டு மாற்றவில்லை என்று திட்டவும் ஆள் இல்லை. லிஸ்ட்டில் அதன் பெயரைப் பார்க்கும் புது ஆளுக்கு, அழித்தால் எது நிற்குமோ என்று பயம். விட்டுவிடுவார்.

தைரியமான சில அட்மின்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். கணக்கை அழிக்க மாட்டார்கள். முடக்கி வைத்துவிட்டு எங்கிருந்து அலறல் வருகிறது என்று காத்திருப்பார்கள். அதற்கு 'ஸ்க்ரீம் டெஸ்ட்' என்றே பெயர். ஒரு நாள் ஆகும், சத்தமில்லை. ஒரு வாரம் ஆகும், சத்தமில்லை. அப்பாடா என்று அழித்துவிட்டு உட்காரும்போது மாதக் கடைசி வரும். அக்கவுண்ட்ஸ் செக்ஷனிலிருந்து ஃபோன் வரும்: "சார், சம்பள ரிப்போர்ட் ஏன் வரலை?"